சம்ருவாய் அக்கா கடை உப்பு

என் வாயைப் பற்றித் தாய்லாந்தின் இந்த நக்கோன் சவான் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மீன்காரி செதிளைச் சரியாக எடுக்கவில்லையென்றால் அங்கேயே பையைத் திருப்பிக் கவிழ்த்துவிட்டு வருகிறவள் நான். நான் வேலை பார்க்கிற ஹோட்டல் சலவைக்கூடத்தில் மேலாளர்கூட என்னிடம் பேசும்போது ரெண்டு அடி தள்ளித்தான் நிற்பார். புதிதாகச் சேர்கிற பெண்களுக்கு, "பிக்குன் அம்மாகிட்ட மட்டும் வெச்சுக்காதீங்க" என்று முதல் நாளே காதில் போட்டுவிடுவார்கள். அப்பேர்ப்பட்டவள் எட்டு மாதம் ஒரு கடையில் வாயைத் திறக்காமல் சாப்பிட்டேன். எனக்கு அது வேண்டும், நன்றாக வேண்டும்.

எங்கள் பிழைப்பு அப்படி. காலை ஏழு மணியிலிருந்து சாயங்காலம் நாலு வரைக்கும் நின்றபடியே படுக்கை விரிப்பைச் சூடான உருளைக்குள் விடுவதும், மறுபக்கம் வருவதை மடிப்பதும்தான். எவனெவனோ படுத்துப் புரண்ட விரிப்பு, நாளுக்கு நானூறு. நாலு மணிக்கு என் ரெண்டு காலையும் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வரலாமா என்றிருக்கும். என் புருஷன் சங்குவன் சந்தைக்கும் பஸ் நிலையத்துக்கும் நடுவே ஷேர் வண்டி ஓட்டுகிறார். எனக்குக் கால் போயிற்று, அவருக்கு இடுப்பு போயிற்று. இதில் வீட்டுக்குப் போய் யார் அடுப்பைப் பற்றவைப்பது? வாரத்தில் ஒருநாள் எங்கள் அடுப்பு எரிந்தால் அதிகம். மிச்ச நாளெல்லாம் ரயில் நிலையத்துக்குப் பின்னால் சம்ருவாய் அக்கா கடைதான்.

ஏழு மேஜை, சிவப்பு பிளாஸ்டிக் முக்காலிகள், வாசலில் ஒரு பெரிய அண்டா. அண்டாவில் பன்றி எலும்பும் முள்ளங்கியும் விடியற்காலை நாலு மணியிலிருந்து கொதிக்கும். அரிசி நூடுல்ஸில் அகலமா, மெல்லிசா என்பது மட்டும்தான் கேள்வி. வேறு பண்டம் கிடையாது. பதினாறு வருஷமாக அந்தச் சூப்பைக் குடித்திருக்கிறேன். ஒரு வாய் உள்ளே போனால் குதிகாலில் இருக்கிற வலி முழங்காலுக்கு வந்து, அப்புறம் எங்கேயோ போய்விடும். மருந்துக் கடையில்கூட அப்படி ஒன்றை எனக்குக் கொடுத்ததில்லை.

போன மழைக்காலத்தில் அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. மூன்று வாரம் கடை பூட்டியிருந்தது. திறந்த அன்றைக்கு ஓடிப் போய் உட்கார்ந்தோம். முதல் வாயிலேயே நானும் சங்குவனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். ஒரே உப்பு. காய்ச்சல்காரி, கை தவறியிருக்கும் என்று விட்டுவிட்டோம். மறுநாள் சப்பென்று இருந்தது. அதற்கு அடுத்த நாள் பாயசம் மாதிரி இனித்தது. எட்டு மாதமும் இதே கூத்துதான், எந்த நாள் என்ன வரும் என்று தெரியாது.

யாராவது சொன்னார்களா? சொல்ல மாட்டார்கள். எங்கள் ஊர் மேஜையில்தான் நாலு ஜாடி இருக்கிறதே. மீன் சாஸ், சர்க்கரை, மிளகாய்த் தூள், பச்சை மிளகாய் ஊறின வினிகர். கடைக்காரி முக்கால்வாசி செய்து தருவாள், மிச்சத்தை அவரவர் நாக்குக்கு அவரவர் சரிசெய்துகொள்ள வேண்டியது. அதனால் கடைக்காரிக்கு அவமானமும் இல்லை, தின்கிறவனுக்குக் குறையும் இல்லை. முன்பெல்லாம் அந்த ஜாடிப் பக்கம் கையே போகாத நான், கிண்ணம் வந்ததும் நாலையும் இழுத்து வைத்துக்கொண்டு சமையலையே முதலிலிருந்து ஆரம்பிக்கிற மாதிரி ஆகிவிட்டேன். "ருசியா இருக்கா?" என்று அண்டாவுக்குப் பின்னாலிருந்து அக்கா கேட்பாள். ஏழு மேஜையிலிருந்தும், "பிரமாதம்க்கா!" என்று பதில் போகும். என் குரலும் அதில் இருக்கும்.

எல்லாம் தாட்சண்யம். எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பிறவியிலேயே இருக்கிற வியாதி அது. எனக்கு மட்டும் இல்லை என்று பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன்.

அதுவும் வெறும் தாட்சண்யமாக இருந்திருந்தால் ஒரு நாள் நான் உடைத்துப் பேசியிருப்பேன். ஆனால் ஜனவரியில் அக்காவின் மகன் ஓபாத் வந்தான். ராயோங்கில் தொழிற்சாலை வேலை, ரெட்டைக் குழந்தை, பெண்டாட்டியும் வேலைக்குப் போகிறாள். "அம்மா, கடையை மூடிட்டு வந்துடு. பிள்ளைங்களைப் பாத்துக்க ஆள் இல்ல" என்று கடையில் எல்லார் முன்னாலும் சொன்னான். கடைக் கட்டடத்தின் ஒப்பந்தம் ஏப்ரல் கடைசியோடு முடிகிறது. கட்டடச் சொந்தக்காரர் லெங் அண்ணன் வந்து கையெழுத்துக் கேட்பார். போட்டால் இன்னும் மூன்று வருஷம் கடை; போடாவிட்டால் ராயோங்.

அவன் போனபிறகு அக்கா என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"நாலாவது மாடிடி பிக்குன். கீழ பார்த்தா லாரி, மேல பார்த்தா புகை. ஒரு மனுஷ முகம் தெரியாது. அங்க போனா நான் ஆறு மாசம் தாங்க மாட்டேன்."

"போகாதேக்கா. அவன் கூப்பிட்டா போயிடணுமா?"

"போகாம இருக்க எனக்கு இந்தக் கடையைத் தவிர வேற என்ன சாக்கு இருக்கு? கடை நல்லா நடந்தா இருப்பேன். ருசி போச்சு, ஜனங்க முகம் சுளிக்கறாங்கன்னு தெரிஞ்சா அன்னைக்கே மூடிடுவேன். கெட்டுப்போனதை வித்துக் காசு வாங்கற புத்தி எனக்குக் கிடையாது."

அன்றைக்கு வெளியே வந்ததும் ரம்பை டீச்சர் என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போனாள். ரிட்டயர் ஆன கணக்கு டீச்சர், தினமும் மூன்றாம் மேஜை.

"கேட்டீங்கல்ல? யாரும் மூச்சு விடக் கூடாது. முக்கியமா நீங்க."

"நான் என்ன பண்ணேன்?"

"இதுவரைக்கும் ஒண்ணும் பண்ணல. இனிமேலும் பண்ணாதீங்க. ஒரு வார்த்தை வந்துச்சுன்னா அந்தம்மாவை பஸ் ஏத்தி விட்டதே நீங்கதான்னு ஆயிடும்."

சரி என்றேன். அன்றிலிருந்து உப்புக் கரித்தாலும் வாய் நிறையச் சிரித்துக்கொண்டே விழுங்கினேன்.

ஏப்ரல் கடைசித் திங்கட்கிழமை லெங் அண்ணன் வருவதாக ஏற்பாடு. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை சலவைக்கூடத்தில் ரெண்டு உருளையில் ஒன்று நின்றுபோனது. நானூறு விரிப்பையும் ஒற்றை உருளையில் விட்டோம். வெயிலோ வெயில், உள்ளே அதற்கு மேல் கொதிப்பு. நாலரைக்கு வெளியே வந்தபோது எனக்குப் பேச்சே இல்லை. சங்குவன் வண்டியில் முன்னால் ஏறி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டேன்.

"செத்துட்டியா, இருக்கியா?" என்றார்.

"சோறு போட்டா சொல்றேன்."

கடையில் நாங்கள் ரெண்டு பேர் மட்டும்தான். உட்கார்ந்து கையை நீட்டினால் மேஜையில் ஜாடியைக் காணோம். பக்கத்து மேஜையிலும் இல்லை. எந்த மேஜையிலும் இல்லை.

"ஜாடியெல்லாம் எங்கேக்கா?"

"கழுவிப் போட்டிருக்கேன். இன்னும் காயல."

எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. அன்றைக்கு யானை வந்து குறுக்கே நின்றிருந்தாலும் சந்தேகப்பட்டிருக்க மாட்டேன். அக்கா ரெண்டு கிண்ணத்தையும் கொண்டுவந்து வைத்தாள். வழக்கமாக வைத்துவிட்டுப் போய்விடுவாள். அன்று முக்காலியை இழுத்துப் போட்டு எதிரிலேயே உட்கார்ந்தாள்.

"திங்கக்கிழமை லெங் அண்ணன் வர்றார். உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்க்கா."

"அதுக்கு முன்னாடி ஒருத்தர் வாயால கேட்டுக்கணும்னு இருந்தேன். ஊர்ல எல்லாரும் நல்லவங்க, நல்லதாத்தான் சொல்லுவாங்க. நீதான் யாருக்கும் பயப்பட மாட்டே. அதனால உன்னைக் கேக்கறேன். சாப்பிட்டுட்டுச் சொல்லு. கைப்பக்குவம் இருக்கா, போயிடுச்சா?"

சங்குவன் முந்திக்கொண்டார். "இதென்னக்கா கேள்வி! வாசனையே ஆளைத் தூக்குதே!" என்று ஒரு கரண்டி அள்ளி வாயில் விட்டார். ஒரு நொடி அவர் கண் அப்படியே நின்றது. பிறகு விழுங்கினார். "அடேயப்பா! இன்னைக்குத் தனி ருசி!"

நான் ஒரு வாய் எடுத்தேன். வெந்நீர். எலும்பின் வாடை கொஞ்சம், முள்ளங்கி வாடை கொஞ்சம். அவ்வளவுதான். உப்பு என்று ஒரு பொருள் உலகத்தில் இருப்பதே அந்தக் கிண்ணத்துக்குத் தெரியாது. மேஜைக்கு அடியில் சங்குவன் என் காலை மிதித்தார். எந்தக் கால் என்று பார்க்க வேண்டாமா அந்த மனுஷன், வீங்கின காலாகப் பார்த்து மிதித்தார்.

எனக்குள்ளே என்ன ஓடியது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நாலாவது மாடி வந்தது, லாரி வந்தது, டீச்சர் சொன்னதும் வந்தது. அது பாதி. மறுபாதி, எனக்குத் தெம்பில்லை. உண்மையைச் சொன்னால் அத்தோடு முடியுமா? அவள் அழுவாள், நான் ஆறுதல் சொல்ல வேண்டும், ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்பாள், அதற்கு வேறு பதில் தேட வேண்டும். பொய் என்றால் ஒரே வார்த்தை. சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடலாம்.

"நல்லா இருக்குக்கா" என்றேன்.

"உப்பு?"

"சரியா இருக்கு."

"ஜாடி வேணும்னா துடைச்சுக் கொண்டாரட்டுமா? நெஜமா சொல்லு. எதுவும் போடணும்போல இல்லையா?"

"எதுக்குக்கா? இப்படியே அமிர்தமா இருக்கு" என்று சொல்லி, கிண்ணத்தைத் தூக்கி அடி வரைக்கும் குடித்தேன். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

அக்கா காலிக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபப்படவில்லை. எங்கள் சலவைக்கூடத்தில் வேலை முடிந்து வரிசையில் நிற்கிறவர்கள் முகம் இருக்குமே, அப்படி இருந்தது அவள் முகம்.

"அதுல நான் எதுவுமே போடலடி பிக்குன்" என்றாள். "உப்பு இல்ல, மீன் சாஸ் இல்ல, சர்க்கரை இல்ல, மிளகு இல்ல. உங்க ரெண்டு பேருக்குன்னு தனியா எலும்பையும் முள்ளங்கியையும் வேகவெச்சு ஊத்தினேன்."

சங்குவன் கையிலிருந்த கரண்டியை மெதுவாகக் கீழே வைத்தார்.

"அந்தக் காய்ச்சலோட எனக்கு நாக்கு செத்துப்போச்சு. உப்புக்கும் சர்க்கரைக்கும் வித்தியாசம் தெரியல. ருசி திரும்பி வந்தா வரும், வராட்டி இல்லங்கறார் டாக்டர். எட்டு மாசமா எப்படிச் சமைச்சேன்னு நெனைக்கறே? அந்த ஜாடியைப் பார்த்துத்தான். காலையில எல்லா ஜாடியையும் வாய் வரைக்கும் ரொப்பி வைப்பேன். ராத்திரி கடை கட்டறப்போ பார்ப்பேன். மீன் சாஸ் இறங்கியிருந்தா இன்னைக்கு உப்பு கம்மி, நாளைக்கு ஒரு கரண்டி கூடப் போடணும். சர்க்கரை இறங்கியிருந்தா அது கம்மி. நீங்க யாரும் வாயால சொல்லல, ஜாடி சொல்லுச்சு. அதுவும் சரியாச் சொல்லல. இதோ உன் புருஷன், வாயில வைக்கறதுக்கு முன்னாடியே நாலு கரண்டி மிளகாய்த் தூள் போடறவன். இவனை வெச்சு நான் என்னத்தை அளக்கறது?"

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

"ஏன்க்கா எங்ககிட்டச் சொல்லல?"

"சொன்னா பாவம்னு இன்னும் நல்லா நடிப்பீங்க. அதான் சொல்லல." தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் வைத்து மடித்தாள். "எனக்கு ஒரே ஒரு நாக்கு போதும்டி. நீ காலையில ஆறரைக்கு இந்த வழியாத்தானே வேலைக்குப் போறே? ரெண்டு நிமிஷம் நின்னு ஒரு வாய் குடிச்சுட்டு, உப்பு பத்தலக்கா, பூண்டு கரிஞ்சுபோச்சுக்கான்னு திட்டிட்டுப் போனா போதும், கடையை நடத்திடலாம்னு கணக்குப் போட்டு வெச்சிருந்தேன். இன்னைக்கு நீ 'தூ, என்னக்கா இது தண்ணி'ன்னு துப்பியிருந்தா, திங்கக்கிழமை கண்ணை மூடிட்டுக் கையெழுத்துப் போட்டிருப்பேன்."

"அக்கா, இப்ப சொல்றேன். வெறும் தண்ணி. வாயில வைக்க முடியல. நாளையிலேருந்து வர்றேன், தினமும் வர்றேன். நெஜத்தை மட்டும் சொல்றேன்."

"இப்ப சொல்லுவே. நான் சொன்னப்புறம் சொல்றே." குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். "மூணு தடவை கேட்டேன். நாளைக்கு நீ வந்து 'உப்பு சரிக்கா'ன்னு சொன்னா, அது நெஜமாவே சரியா, இல்ல உனக்கு வேலைக்கு நேரமாச்சா, இல்ல என் மூஞ்சியைப் பார்த்துப் பாவப்பட்டியான்னு நான் எதை வெச்சுக் கண்டுபிடிப்பேன்?"

ஊரையே வாயால் விரட்டுகிறவள் மலங்க மலங்க விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அக்கா போனை எடுத்தாள். எங்கள் எதிரிலேயேதான் பேசினாள். "லெங் அண்ணே, சம்ருவாய் பேசறேன். நான் கடையை எடுக்கலண்ணே. ஆமா, முடிவாத்தான். வேற ஆளைப் பார்த்துக்கங்க." பிறகு மகனுக்குப் போட்டு, திங்கட்கிழமை வருவதாகச் சொன்னாள். பிள்ளைகளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டாள். பேசி முடித்துவிட்டு எங்கள் ரெண்டு கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

வண்டியில் வரும்போது சங்குவன் மேல் எரிந்து விழுந்தேன். "யாரைக் கேட்டா உன்னை? தனி ருசியாம் தனி ருசி! நீ வாயை மூடிட்டு இருந்தா நான் சொல்லியிருப்பேன்." அவர் ரோட்டைப் பார்த்து ஓட்டினார். நான் சொல்லியிருக்க மாட்டேன் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமைதான் கடைசி நாள். விஷயம் தெரிந்து ஊரே வந்துவிட்டது. ஏழு மேஜை பத்தாமல் நடைபாதையில் நின்றபடியே சாப்பிட்டார்கள். ஜாடிகள் பழையபடி மேஜையில் இருந்தன. அக்கா நாக்கைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை, நாங்களும் சொல்லவில்லை. பேரப்பிள்ளைகளைப் பார்க்கப் போகிறாள் என்றே எல்லாரும் பேசிக்கொண்டார்கள். "இந்தக் கைப்பக்குவம் இனி எங்க கிடைக்கும்!" என்று ரம்பை டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டே மீன் சாஸை ஊற்றிக்கொண்டிருந்தாள். ஒவ்வொருவர் சொல்லும்போதும் அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கைகூப்பினாள்.

எங்கள் கிண்ணம் வந்தது. ஒரு வாய் குடித்தேன். எழுந்து நின்றேன்.

"அக்கா, உப்பு கம்மி."

கடை அப்படியே நின்றுபோனது. டீச்சர் என்னைப் பார்த்த பார்வையில் நான் எரிந்து சாம்பலாகியிருக்க வேண்டும். "இன்னைக்குமா உங்களுக்கு?" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

அக்கா என்னைப் பார்த்தாள். மீன் சாஸ் பாட்டிலை எடுத்து அண்டாவுக்குள் சாய்த்தாள். கிளறினாள். கரண்டியில் கொஞ்சம் எடுத்து நீட்டினாள். "இப்ப?"

"இன்னும் கொஞ்சம். இனிப்பு வேற தூக்கலா இருக்கு."

"இனிப்பை எடுக்க முடியாதே."

"தண்ணி விட்டு இன்னொரு கொதி வரட்டும். மிளகு போடு. அவ்வளவு போதாது, இன்னும்."

கூட்டம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் ஊற்றினாள், கிளறினாள், நீட்டினாள். நான் குடித்தேன், இல்லை என்றேன். மறுபடி ஊற்றினாள். நாலாவது தடவை நாக்கில் பட்டதும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எட்டு மாதத்துக்கு முந்தின சூப் அது.

"இப்ப சரிக்கா."

"நெஜமா?"

"நெஜமா."

எல்லார் கிண்ணத்தையும் வாங்கிக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றிக் கொடுத்தாள். குடிக்கிற சத்தம் மட்டும்தான். ஒரு கைகூட ஜாடிப் பக்கம் போகவில்லை. அக்கா கரண்டியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு மேஜையாகப் பார்த்தபடி நின்றாள்.

கிட்டே போய் மெதுவாகக் கேட்டேன். "அக்கா, லெங் அண்ணன்கிட்ட நான் வேணா பேசட்டுமா? கால்ல விழுந்தாவது கேக்கறேன்."

"நேத்தே வேற ஆளுக்குக் கொடுத்துட்டாராம்டி. காபிக் கடை வருதாம்." என் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்திவிட்டு அடுத்த கிண்ணத்தை எடுத்தாள்.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். சங்குவன் அடி வரைக்கும் குடித்துவிட்டுக் காலிக் கிண்ணத்தை வைத்தார். அன்றைக்கு மிளகாய்த் தூளைக்கூட அவர் தொடவில்லை.

"வெள்ளிக்கிழமை நம்ம ரெண்டு பேர்ல யாராவது ஒருத்தர் சொல்லியிருக்கலாம்" என்றார்.

"ரெண்டு பேர்ல ஒருத்தர் இல்லய்யா" என்றேன். "அவ கேட்டது என்னைத்தான்."